மனிதச் சாயல் ரோபோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான்காரர்களுக்கு ரோபோ என்றால் உயிர், வெள்ளைக்காரர்களுக்கு ரோபோ என்றால் பயம், நமக்கு ரோபோ என்றால் செல்ஃபி. இதை யாராவது என்னிடம் சொல்லாமல் ஒரு மாதம் போவதில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றும் அரைகுறை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அச்சு அசல் மனிதன் மாதிரி இருக்கும் ரோபோவைப் பார்த்தால் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?

இந்த ‘ஒரு மாதிரி’யைத்தான் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கோட்டுப்படமாக வரைந்தார். டோக்கியோவில் ரோபோ பொறியியல் பேராசிரியர். ஓர் எண்ணெய் நிறுவனம் நடத்திய சிறு இதழில் வந்த சில பக்கக் கட்டுரை அது. பொம்மைக்கு மனிதச் சாயல் கூடக்கூட நமக்கு அதன்மேல் ஒட்டுதலும் கூடும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்கிற இடத்துக்கு வந்ததும் அந்த ஒட்டுதல் சட்டென்று சரிந்து அருவருப்பாகிவிடும் என்றார். அந்தச் சரிவைப் பள்ளத்தாக்கு என்று அழைத்தார்.

அவர் தந்த உதாரணம் செயற்கைக் கை. பார்த்தால் நரம்பு, நகம் எல்லாம் அசல், கை குலுக்கினால் எலும்பில்லாத மாதிரி துவண்டு சில்லென்று இருக்கிறது. பார்க்கிறபோது மனிதக் கை, தொடுகிறபோது இல்லை, அந்த இடைவெளியில்தான் உடம்பு கூசுகிறது. சிரிப்பு பற்றியும் சொன்னார்: முகம் சரியாகவே இருந்தாலும் சிரிப்பு விரியும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், பயமாகிவிடும்.

இன்னொன்று, அவர் இதை யாரிடமும் சோதித்துப் பார்த்து எழுதவில்லை. அனுபவத்திலிருந்து வரைந்த கோடு அது. சோதனைகளெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தன.

அந்தப் பள்ளத்தாக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

நிலையான பெயர் இல்லை. அதற்காக வருத்தப்பட வேண்டாம், ஆங்கிலத்திலும் அந்தப் பெயர் குழப்பத்தைத்தான் கொண்டுவந்தது. மோரி எழுதியது ‘புகிமி நோ தானி’. புகிமி என்றால் மனதுக்குள் ஒரு கிலி, அவ்வளவுதான், ஜப்பானில் சாதாரணமாகப் புழங்கும் சொல். 1970களின் கடைசியில் அது ஆங்கிலத்தில் ‘அன்கேனி’ (uncanny) ஆனது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1919இல் எழுதிய கட்டுரைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்கியது. வீட்டுக்குள் பழகிய ஒன்றே அந்நியமாகித் திரும்பி வருவது, புதைத்து வைத்தது மேலெழுவது என்று அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய மூட்டை. மோரி அந்த மூட்டையைத் தூக்கவே இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் இரண்டையும் சேர்த்தே படித்தார்கள்.

இதைவிட மோசம் மற்றொரு சொல். கோட்டுப்படத்தில் மேலும் கீழும் போகிறதே, அந்த அளவுக்கு மோரி வைத்த பெயர் ‘ஷின்வகான்’. ஒட்டுதல், நெருங்கத் தோன்றுவது என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பலகாலம் ஆங்கிலத்தில் ‘பழக்கம்’ என்ற பொருள் வரும்படி மொழிபெயர்த்துவிட்டார்கள். விளைவு, ஆய்வாளர்கள் மக்களிடம் ரோபோ படத்தைக் காட்டி ‘இது எவ்வளவு பழகிய மாதிரி இருக்கிறது’ என்று கேட்டு மதிப்பெண் வாங்கினார்கள். பழகினது என்பதும் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றா? எனக்குப் பழகினது மின்வெட்டு. மோரியே பார்த்து ஒப்புக்கொண்ட முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2012 ஆனது.

தமிழில் ‘அமானுஷ்யம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, அதில் பேய் வாடை அதிகம். ‘என்னவோ ஒரு மாதிரியா இருக்கு’ என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு, ஆனால் அதை எந்தப் பாடநூலும் ஏற்றுக்கொள்ளாது.

ஜப்பானியருக்கு ரோபோ பிடிக்கும், மேற்கில் பயம். உண்மைதானே?

வழக்கமாகச் சொல்லும் கதை இது. ரோபோ என்ற சொல்லே 1920இல் செக் மொழியில் காரெல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது, கட்டாய வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, அந்த நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்து மனிதரை அழிக்கின்றன. ஆக மேற்கில் பெயர் வைத்த நாளிலேயே பயம். ஜப்பானிலோ தேநீர்க் கோப்பையை ஏந்தி வந்து விருந்தாளி எடுத்ததும் நிற்கும் ‘கராகுரி’ பொம்மைகள் எடோ காலத்திலேயே (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) உண்டு, அந்த நாடகத்தின் செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது மகோடோ நிஷிமுரா என்ற உயிரியலாளர் ‘இயற்கையிடம் கற்பது’ என்ற பொருளில் பெயரிட்டு, 1928இல் ககுதென்சொகு என்ற பிரம்மாண்ட உருவத்தைச் செய்து காட்டினார், அது யாருக்கும் அடிமை வேலை செய்யவில்லை, எழுதியது, முகபாவம் காட்டியது. எல்லாம் உண்மைதான்.

ஆனால் வரலாறு இப்படி இருப்பதால் இன்று ஒசாகாவில் காய்கறி வாங்கும் அம்மாவுக்கு ரோபோ பிடித்துத்தான் ஆக வேண்டுமா என்ன? பள்ளத்தாக்கை வரைந்த மோரியே ஜப்பானியர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏழு நாடுகளில் 467 பேரிடம், ரோபோவைப் பற்றிய எதிர்மறை எண்ணங்களை அளக்கும் 14 கேள்விகளைக் கேட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. ஜப்பானியர் எல்லோரும் நினைக்கிற அளவுக்கு ரோபோ ஆதரவாளர்களாக இல்லை. அதிக ஆதரவு அமெரிக்கர்களிடம், அதிக எதிர்ப்பு மெக்சிகோவில். அதில் எனக்குப் பிடித்த துணுக்கு: சோனியின் ரோபோ நாயான ஐபோவோடு பழகிப் பார்த்தவர்களிடம் நல்லெண்ணம் கூடியிருந்தது, ஆனால் சொந்தமாக ஐபோ வைத்திருப்பதால் கூடவில்லை. செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கு இது புரியும்.

ஒசாகாவில் ஒரு வணிக வளாகத்தில் ரோபோவி என்ற ரோபோவை உலவ விட்டார்கள். பெரியவர்கள் பார்க்காதபோது குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து வழியை மறித்து, உதைத்து, கழுத்தைத் திருகியிருக்கிறார்கள். கடைசியில் ஆய்வாளர்கள் செய்தது என்ன தெரியுமா? குட்டையானவர்கள் சூழ்ந்துகொண்டால், உயரமானவர்கள் இருக்கும் பக்கம் ஓடிப்போய் நின்றுகொள் என்று ரோபோவுக்கு நிரல் எழுதினார்கள். தெருவில் அடி வாங்கும் தம்பி பெரியவர் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற அதே உத்தி. இது 2015இல் வெளிவந்த ஆய்வு. அதே ஆண்டு, கனடாவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை லிஃப்ட் கேட்டே கடந்த ஹிட்ச்பாட் என்ற ரோபோ, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கையும் தலையும் பிய்க்கப்பட்டுக் கிடந்தது. ‘பார்த்தாயா, அமெரிக்கா’ என்று உடனே எழுதினார்கள். ஒசாகா குழந்தைகளை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டால் நாட்டுக்கு நாடு பெரிய மர்மம் ஒன்றும் கிடைக்காது. ரோபோவை எங்கே உட்கார வைக்கிறார்கள், எப்படிக் கூப்பிடுகிறார்கள், அதனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வருகிறது.

ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவில் எல்லாப் பொருளுக்கும் உயிர் உண்டு, அதனால்தான் என்கிறார்களே?

சுலபமான விளக்கம், அதனாலேயே எனக்குச் சந்தேகம். சிபா மாநிலத்தில் இசுமி என்ற ஊரில் கோஃபுகுஜி என்ற கோயிலில் ஐபோ நாய்களுக்கு ஈமச்சடங்கு நடக்கிறது. 2006இல் சோனி உற்பத்தியை நிறுத்தியது, 2014இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது, பிறகு பழைய ஐபோக்களை உதிரி பாகத்துக்காகப் பிரிக்க வேண்டிய நிலை. பிரிப்பதற்கு முன் ஒரு சடங்கு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 2018இல் ஒரே நாளில் 114 ஐபோக்கள், ஒவ்வொன்றின் மேலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்ற சீட்டு. இதில் வேடிக்கை, அது ஷின்டோ கோயில் இல்லை, புத்த கோயில்.

உடைந்த தையல் ஊசிகளுக்கும் பழைய பொம்மைகளுக்கும் இப்படிச் சடங்கு செய்து வழியனுப்புவது அங்கே வழக்கம். அவர்கள் ஊசிக்கு உயிர் இருக்கிறது என்று நம்புகிறார்களா என்றால், நாம் ஆயுத பூஜை அன்று லேத் இயந்திரத்துக்கும் டவுன் பஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டுகிறோமே, பஸ்ஸுக்கு ஆன்மா இருக்கிறதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். உழைத்த பொருளுக்குச் செய்யும் மரியாதை அது. ஆயுத பூஜை செய்வதால் நமக்கு மனிதச் சாயல் ரோபோ பிடித்துவிடும் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை, ஜப்பானியர் விஷயத்தில் மட்டும் ஏன் கட்டுகிறோம்?

கோயிலுக்குள்ளேயே ரோபோ வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. கியோட்டோவில் கோடாய்ஜி கோயிலில் 2019 முதல் கன்னோன் தெய்வத்தின் உருவில் மைண்டார் என்ற ரோபோ உபதேசம் செய்கிறது. 195 செ.மீ. உயரம். முகம், கை, தோள் மட்டும் சிலிக்கோன் தோல், மற்றதெல்லாம் அலுமினியமும் கம்பிகளும் வெளியே தெரிய நிற்கும். இதைச் சேர்ந்து உருவாக்கியவர்கள் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி இஷிகுரோ குழுவினர், தன்னைப் போலவே ஒரு ரோபோ செய்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவர் அவர். ஜப்பானியப் பக்தர்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் சொன்னார்கள், மேற்கத்தியப் பார்வையாளர்கள் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தோடு ஒப்பிட்டார்கள் என்று அந்தக் கோயில் குருவே சொன்னார். கன்னோன் பல வடிவம் எடுத்து வரும் தெய்வம் என்பது அவர்கள் மரபு. அந்த வடிவங்களில் இதுவும் ஒன்று, முடிந்தது கதை.

நம் பக்கம் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கோயிலில் 2023இல் ஓர் இயந்திர யானையைக் காணிக்கையாக நடை இருத்தினார்கள். பத்தரை, பதினோரு அடி உயரம், தலையாட்டும், காது அசைக்கும், தும்பிக்கையில் தண்ணீர் பீய்ச்சும். மதம் பிடிக்காது என்பதே முக்கியத் தகுதி. யானைக்கு முகபாவம் தேடுகிறவர்கள் குறைவு, அதனால் அது பள்ளத்தாக்கில் விழவில்லை என்று நினைக்கிறேன். பூசாரி முகம் வைத்து ஓர் இயந்திரம் கற்பூரத்தட்டு நீட்டினால் இதே வரவேற்பு இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சிலை செய்கிற ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள், அதற்கு நாள், நேரம், சடங்கு எல்லாம் உண்டு. கல்லும் தெய்வமும் பிரியும் இடம் கண் என்று நம் ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. ரோபோ முகத்தில் முதலில் கிலி கிளப்புவதும் கண்தான்.

சோபியா என்ற பெண் முக ரோபோ மும்பைக்குச் சேலை கட்டி வந்தாளே, நம் ஊரில் எல்லோரும் ரசித்தார்களே?

பாருங்கள், கேள்வியிலேயே ‘வந்தாள்’ என்று எழுதிவிட்டீர்கள். 2017 டிசம்பரில் ஐஐடி மும்பை விழாவுக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சவூதி அரேபியா அதற்குக் குடியுரிமை என்று அறிவித்தது, அங்கே பெண்கள் கார் ஓட்ட அனுமதி நடைமுறைக்கு வந்ததோ 2018 ஜூனில். மற்றபடி சோபியாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மொழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மேலே அந்த ‘வந்தாள்’தான் சம்பந்தம். தமிழில் வாயைத் திறந்தாலே, பேசப்படுவது உயர்திணையா அஃறிணையா என்று தீர்ப்புச் சொல்லாமல் வினைச்சொல்லை முடிக்க முடியாது. மக்களாகக் கருதப்படுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியம் வரையறுத்தது, நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தது. ரோபோ எதில்? ஆங்கிலத்தில் ‘ரோபோ கேம்’ (came) என்றால் வந்தது யாரென்று வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. தமிழில் வந்தது, வந்தான், வந்தாள், வந்தார், எதையாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நாம் இதில் கறார் இல்லை. ‘குழந்தை அழுகிறது’ என்போம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செல்போனைப் பிரித்துக் காட்டும் யூடியூப்காரர் திருகாணியை ‘இவரைக் கழற்றிவிட்டு’ என்பார். பிடித்த பைக் ‘அவன்’. ஆக திணை என்பது உயிரைவிட நெருக்கத்தை அளக்கும் கோல். ஒரு ரோபோவுக்கு மக்கள் எப்போது ‘அது’விலிருந்து ‘அவன்’, ‘இவர்’ என்று மாறுகிறார்கள் என்று கவனித்தாலே, கேள்வித்தாளில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

ஜப்பானிய மொழியில் இதே போல ஒரு கட்டாயம். இருக்கிறது என்பதற்கு உயிருள்ளவற்றுக்கு ‘இரு’, உயிரற்றவற்றுக்கு ‘அரு’. (ஆமாம், நம் ‘இரு’ மாதிரியே ஒலிக்கும், அதை வைத்து உறவு கொண்டாட ஒரு கூட்டம் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை.) கடை வாசலில் நிற்கும் பெப்பர் ரோபோவுக்கு ‘இரு’ போடுகிறவர்கள் உண்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் போட மாட்டார்கள். பெப்பரை ‘பெப்பர்-குன்’ என்றே கூப்பிடுவார்கள், ‘குன்’ என்பது பையன்களின் பெயரோடு சேர்ப்பது, நம் ‘தம்பி’ மாதிரி. தம்பி என்று கூப்பிட்டுவிட்டால் அவன் தப்பாகப் பேசினாலும் சிரித்துவிட்டுப் போகத் தோன்றும். 120 செ.மீ. உயரத்தில் குழந்தைக் குரலோடு செய்ததற்கும் அந்த இடம் பொருந்தியது.

அப்படியானால் ரோபோ எந்தத் தமிழில் பேச வேண்டும்?

செந்தமிழில் வேண்டாம் என்பேன். ஒரு தனியார் மருத்துவமனை வரவேற்பில் நின்ற ரோபோ என் அத்தையிடம் ‘தங்கள் வருகைக்கு நன்றி, தாங்கள் யாரைச் சந்திக்க விழைகிறீர்கள்’ என்றது. அத்தை என் பக்கம் திரும்பி, ‘ரேடியோ நியூஸ் வாசிக்குதுடா, பதில் சொல்லணுமா?’ என்று கேட்டார். உருவத்தைப் பார்த்து அவர் பயப்படவே இல்லை. ‘விழைகிறீர்கள்’தான் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

இது நம் பிரச்சினை மட்டும் இல்லை. எழுத்து மொழியும் பேச்சு மொழியும் நம்மைப் போலவே பிரிந்து கிடக்கும் அரபியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2015இல் லெபனானிலும் அமெரிக்காவிலும் ரோபோவைப் பேசவிட்டார்கள்: ஒரு ரோபோவுக்கு விஷய ஞானம் அதிகம், இன்னொன்றுக்குப் பேச்சுத் திறமை அதிகம் என்கிற மாதிரி மாற்றி மாற்றி. நம்பகத்தன்மைக்குப் பேச்சழகு ஆங்கிலத்தைவிட அரபியில் கூடுதலாக உதவியது. அப்புறம் லெபனானிலேயே பொது அரபியையும் உள்ளூர் வழக்கையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர் வழக்கில் பேசும்போதுதான் விஷய ஞானமும் வேண்டும், பேச்சழகும் வேண்டும் என்பது மிக முக்கியமாகிறது. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: எழுத்து மொழியில் பேசினால் அறிவிப்புப் பலகை என்று விட்டுவிடுவோம், நம் ஊர்ப் பேச்சில் பேசிவிட்டால் அது நம் ஊர் ஆள், அப்புறம் ஆளுக்குரிய தகுதி இருக்கிறதா என்று தோண்டுவோம்.

ஆகவே பேச்சுத் தமிழ் நல்லதுதான், ஆபத்தும் அதுதான். மதுரைப் பேச்சில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினால் மன்னிப்பே கிடையாது. ‘நீ’ போட்டால் தொலைந்தது. ‘வாங்க, உட்காருங்க’ என்று ஆரம்பித்தால் பாதிக் காரியம் முடிந்தது.

பெயரும் தோரணையும் மாறினால் போதுமா?

ஆச்சரியமாக, நிறைய மாறுகிறது. ஜெர்மனியில் 2012இல் வந்த ஓர் ஆய்வில் ஒரே ரோபோவை ஒரு குழுவுக்கு ஆர்மின் என்றும் இன்னொரு குழுவுக்கு அர்மான் என்றும் அறிமுகப்படுத்தினார்கள், முதல் பெயர் ஜெர்மானியம், இரண்டாவது துருக்கிச் சாயல். ஜெர்மானியர்களுக்கு ஆர்மின்மேல்தான் பிரியம். இரும்புக்குப் பெயர் வைத்த மறுநிமிடமே அதற்குச் சாதி சனம் எல்லாம் வந்துவிட்டது. அதேபோல எகிப்தியர்களுக்கு அரபியில் வணக்கம் சொன்ன ரோபோ பிடித்தது, ஜப்பானிய முறையில் வணங்கியது சங்கடமாக இருந்தது, ஜப்பானியருக்கு நேர் எதிர். ரோபோவை நாடு நாடாக ஏற்றுமதி செய்கிறவர்கள் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது.

குழந்தைகள் பயப்படுவார்களா?

சின்னக் குழந்தைகள் அவ்வளவாக இல்லை. அமெரிக்காவில் 3 முதல் 18 வயது வரை 240 பேரிடம் பார்த்ததில், மனிதச் சாயல் ரோபோவைக் கண்டு வரும் அந்தக் கிலி 9 வயதையொட்டித்தான் வந்தது. ஒசாகாவில் உதைத்தவர்களும் இந்தச் சின்னப் பட்டாளம்தான்.

கற்றுக்கொண்ட பயம்தான் என்றால் குரங்குக்கும் வருகிறதாமே?

ஆமாம், 2009இல் பிரின்ஸ்டனில் செய்த சோதனை. கணினியில் வரைந்த, கிட்டத்தட்ட அசல் போன்ற குரங்கு முகத்தை மகாக் குரங்குகள் குறைவாகவே பார்த்தன, அசலையும் அசலிலிருந்து வெகுதூரம் விலகிய பொம்மை முகத்தையும் அதிக நேரம் பார்த்தன. இதுவும் குழந்தைகள் ஆய்வும் ஒன்றோடொன்று உரசுகின்றன. உடம்பில் ஒரு விதை இருக்கலாம், எந்த வயதில் எதைப் பார்த்து முளைக்கும் என்பது வளர்ப்பு.

அப்பாவுக்குத் துணைக்கு ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். மனித முகம் உள்ளதா, இல்லாததா?

முகம் இல்லாததை, அல்லது மிருக முகத்தை. ஜப்பானின் தகனோரி ஷிபாதா முதியோருக்காகப் பாரோ என்ற ரோபோவைச் செய்தபோது சீல் குட்டி உருவத்தை எடுத்தார். நாயும் பூனையும் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். சீல் குட்டியோடு வாழ்ந்தவர் யார்? 2009இல் அமெரிக்காவில் அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டார்கள், டென்மார்க் முதியோர் இல்லங்களிலும் இருக்கிறது. ஜப்பான், அமெரிக்கா, டென்மார்க், எங்கேயும் பெரிதாக எடுபட்டது மடியில் கிடக்கும் ஒரு வெள்ளைப் பஞ்சுப்பொதி.

அளவுக்கு மீறிப் பேசுவதையும் தவிர்க்கவும். நாகசாகியில் 2015இல் ரோபோக்களை வைத்தே நடத்திய ஹென் நா ஹோட்டலில் படுக்கையறைப் பொம்மை ஒன்று, குறட்டைச் சத்தத்தைக் கேள்வி என்று நினைத்து ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று விருந்தாளியை இரவெல்லாம் எழுப்பிவிட்டது. 2019இல் அவர்கள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாண மண்டப வாசலில் கைகூப்பிப் பன்னீர் தெளிக்கும் பொம்மையும் மனித உருவம்தானே, அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை எழுதினேன். பட்டுப்புடவை, மாலை, ஒரே பக்கம் திரும்பும் தலை, மோட்டார் கரகரவென்று கேட்கும். அது யாரையும் ஏமாற்ற முயற்சி செய்யவில்லை, பன்னீர் தெளிப்பது தவிர அதனிடம் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, நிற்கும் இடமும் சரியான இடம். அதையே இரவு பதினொரு மணிக்கு, விருந்தெல்லாம் முடிந்து, பந்தல்காரர்கள் விளக்கை அணைத்த பிறகு, மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டில் யாரோ தூக்கி வைத்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். செருப்பைக்கூட எடுக்காமல் கீழே வந்துவிட்டேன்.